பன்னிரண்டு டாலர் உறை

காலையில் இரும்புப் பெட்டியைத் திறந்து
உறைகளை எண்ணுவது என் வேலை.
ஓர் இரவுக்குப் பன்னிரண்டு டாலர்.
கைப்பம்பு ஒன்று, குழிக் கழிப்பறை இரண்டு,
மின்சாரம் கிடையாது.
காற்று இலவசம், வேண்டாமென்றாலும்.

வயோமிங்கில் ஜூன் பிறந்தும்
குளிர் இடத்தைக் காலி செய்யவில்லை.
விறகு விற்கிறேன். ஒட்டடை அடிக்கிறேன்.
"கரடி வருமா?" என்பவர்களிடம்
"வந்தால் அதனிடமும் பன்னிரண்டு வாங்குவேன்" என்கிறேன்.

செவ்வாயன்று ஓர் உறை கனத்தது.
உள்ளே பணமில்லை,
துருவேறிய மாட்டு லாடம்.
பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு அடிப்பார்கள்;
இது ஒன்று.
காற்புள்ளி மாதிரி வளைந்து,
ஆணித் துளைகளில் மண் அடைத்து.
கூடவே பென்சில் எழுத்து:
"எழுபத்து நாலில் வண்டித் தடத்தில் எடுத்தது.
சின்ன வீட்டுக்கு மாறுகிறோம்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்."
பெயர் இல்லை.
தங்கிய இரவுக்குக் காசும் இல்லை.

எடுத்த இடமாம்.
தடம் இங்கே ஏழு மைல்.
மணற்பாறையைச் சக்கரங்கள்
இடுப்பளவு அறுத்த பள்ளம்,
பிறகு சேஜ் புதர், பிறகு ஆட்டுப்பண்ணை வேலி,
அதற்கப்பால் ஒரு கற்குவியல்;
கீழே கிடக்கும் குழந்தைக்கு
மேல்கல்லில் இரண்டு எழுத்து மிச்சம்.

மண்சாலையைச் சமன் செய்ய வந்த லைலிடம் காட்டினேன்.
ஷோஷோனிக்காரர்.
ஒரு கையில் என் காப்பி, மறுகையில் அந்த இரும்பு.
"எங்கே போட்டாலும் எங்கள் நிலத்தில்தான் விழும்"
என்று சிரித்தார்.
நானும் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
லாடத்தின் தேய்ந்த ஓரத்தைத் தடவி
"இந்த மாடு நொண்டியிருக்கும், பாவம்" என்றார்.

மாலை நடந்தேன்.
பள்ளத்தில் இறங்கினால்
காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது.
பாறைமேல் வைத்தேன்: கடைச் சாமான்.
புதரடியில் வைத்தேன்: ஏதோ திருடி ஒளித்ததுபோல.
கடைசியில் கண்ணை மூடித்
தோளுக்குப் பின்னால் எறிந்தேன்.
சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் தளம் எண் நான்கிலிருந்து
அயோவாக்காரர் பையன் டோபின், எட்டு வயது,
உள்ளங்கை முழுக்கத் துருவோடு ஓடிவந்தான்.
"நூற்று எழுபது வருஷம்!
எனக்கு முன்னால் யாருமே இதைத் தொட்டதில்லை!"
அவன் அம்மா போனைத் தூக்கிப் பிடித்து
சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள்.

விதியைச் சொன்னேன்: எடுத்ததை எடுத்த இடத்தில்.
அதை மட்டும்தான் சொன்னேன்.
உதட்டைக் கடித்தான், அழவில்லை.
"இடம் எனக்குச் சரியாகத் தெரியும்" என்று
எனக்கு முன்னே நடந்தான்.
குனிந்து, புல்லை விலக்கி,
முனை மேற்கே பார்க்க வைத்தான்.
இல்லையென்று அரை விரல் நகர்த்தினான்.
"இப்படித்தான் இருந்தது."

ஆமாம் என்றேன்.
காலுக்கு இரண்டு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன் போல;
திரும்பும் வழியெல்லாம்
தலையை நிமிர்த்தாமல் வந்தான்.

அந்த உறையை இன்னும் கணக்கில் ஏற்றவில்லை.
என் பையிலிருந்து பன்னிரண்டை எடுத்து
உள்ளே போட்டு
எச்சில் தொட்டு ஒட்டினேன்.