பத்தி நான்கு: நடத்தை

பெர்ன் நகர ஆவணக்காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதியில்லை.
மில்வாக்கியிலிருந்து வந்த பதினொரு பேரும்
ஆளுக்கொரு பென்சில் வாங்கிக்கொண்டார்கள்.
சமூகப்பணி முதுகலை, இரண்டாம் பருவம்.
விமானக் கட்டணம் தனி.

ஒடாலிஸுக்கு வந்த கோப்பு
வெரேனா சுர்ஃப்ளூ, பிறப்பு 1943.
எட்டு வயதில் ஒரு பண்ணைக்கு
வேலைக்கு ஒப்படைக்கப்பட்டவள்.
செய்த குற்றம், அப்பா இல்லாதது.

நல வாரிய ஆய்வாளர்
வருடத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து
எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.
கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் அந்தக் கையெழுத்தை.
கையெழுத்து அழகானால்
தலையெழுத்து கோணும் என்பார்கள்.
இதில் கையெழுத்து அவருடையது.
தலையெழுத்து அவளுடையது.

ஜெர்மன் தெரிந்த வென்ட்லாண்ட்
தாழ்ந்த குரலில் வாசித்தான்:
உணவு, போதுமானது.
காலணி, கோடையில் தேவையில்லை.
நடத்தை, பிடிவாதம். படுக்கையை நனைக்கிறாள்.
பரிந்துரை, கண்டிப்பு.

அடுத்த வருடம்: நனைக்கிறாள்.
அதற்கடுத்த வருடம்: இன்னமும்.

கடைசித் தாளில் ஒரு துண்டுச்சீட்டு.
ஐம்பது வருடம் கழித்துத்
தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தவள்
சட்டப்படி சேர்த்தது.
நீல மையில் இரண்டே சொல்:
கூரை ஒழுகியது.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயிற்சித்தாளில் ஆறாவது கேள்வி
'இங்கே நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?'
நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள்.
ஒடாலிஸ் பென்சிலைச் சீவினாள்.
மறுபடியும் சீவினாள்.

பிப்ரவரியில் அவளும் ஒரு படிவம் நிரப்பினாள்.
பத்தி நான்கு.
'தாய் ஒத்துழைப்பதில்லை.
மூன்று சந்திப்புகளுக்கும் வரவில்லை.'
தெளிவான நடை என்று
ஓரத்தில் பாராட்டியிருந்தார் மேற்பார்வையாளர்.

மதியம் மற்றவர்கள் ஆற்றுக்குப் போனார்கள்.
ஆரே நதி அன்றைக்குப்
போத்தல் கண்ணாடிப் பச்சையாம்.
அவள் படிக்கட்டில் உட்கார்ந்து
செல்பேசியில் தன் ஊர்ப் பேருந்துத் தடங்களைத் தேடினாள்.
அந்தத் தாயின் தெருவுக்குப் போகும் வண்டி
நவம்பரோடு நிறுத்தப்பட்டிருந்தது.
அடுத்த நிறுத்தத்துக்கு இரண்டரை மைல்.
நடக்கத் தெரியாத பிள்ளைகள் இரண்டு.
பிப்ரவரியில் அங்கே பனி
முழங்கால்வரை கிடக்கும்.
இது அவளுக்குத் தெரியும்.
அப்போதும் தெரிந்திருந்தது.

அங்கே இப்போது விடிகாலை ஐந்து.
நல அலுவலகத்து எண் அந்நேரம் ஒலித்தால்
ஒரு தாய்
எதை நினைத்து எழுந்திருப்பாள்?

எட்டாகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.
திருப்பிக் கொடுக்க மறந்த பென்சில்
காதோரம் செருகியிருந்தது.