அடுப்பு பழுதான இரவு

ஞாயிறு விடிகாலை அடுப்புக்குள் ஏதோ வெடித்தது.
உதிரிபாகம் ஒஸ்ட்ராவாவிலிருந்து வர
இரண்டு நாளாகும் என்றார்கள்.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
எங்கள் ஏழு பேருக்கும் ஒரே இரவில் வேலை இல்லை.
திங்கட்கிழமை எங்காவது போய்ச் சாப்பிடுவோம்
என்றாள் லூத்மிலா.

ப்ர்னோவில், ஆற்றோரம்,
வாசலில் செம்பு மான்தலை மாட்டிய உணவகம்.
ஏழரைக்கு மேசை சொல்லியிருந்தோம்.
எட்டு ஐந்துக்கு உட்கார வைத்தார்கள்,
கழிவறைக் கதவுக்கும் கோட்டு மாட்டும் கம்பிக்கும் நடுவில்.
ஏழாவது நாற்காலியை நாங்களே தேடிக்கொண்டோம்.

மாவு ஒட்டாத முகங்களை அன்றுதான் பார்த்தேன்.
ராதிமுக்குப் புருவம் இவ்வளவு கறுப்பா.
ஸ்தெங்காவின் காதில் பச்சைக் கல்.
போஹுமில் டை கட்டி வந்திருந்தார்,
யாரோ பிடியை விடாதது போல
கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.
அடுப்பு இரைச்சலுக்கு மேல் கத்தியே பழகியவர்கள்
வாயைத் திறந்ததும் பக்கத்து மேசை திரும்பியது.
அதன்பின் மெல்லப் பேசினோம்.
மெல்லப் பேச எங்களிடம் அதிகம் இல்லை.

பரிமாறுகிற பையன்
எங்களைத் தாண்டும்போதெல்லாம்
ஜன்னலுக்கு வெளியே யாரையோ தேடுகிறவன் மாதிரிப் போனான்.
கை தூக்கினோம்.
க்வியெதா பள்ளிப்பிள்ளை போல ஒற்றை விரல்,
ராதிம் பேருந்தை மறிக்கிறவன் போல முழுக்கை.
முக்கால் மணி நேரம் கழித்து பியர் வந்தது,
ஆறு கோப்பை, நுரை செத்து.
தான் குடிப்பதில்லை என்றான் ஒஸ்தாப்,
வெள்ளிக்கிழமைகளில் நன்றாகக் குடிக்கிறவன்.

பிறகு ரொட்டிக்கூடை.
பாதி வெட்டி, பாதி வெட்டாமல்.
யாரும் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது எனக்கு.
மேல்தோலில் சாய்வாக மூன்று கீறல்,
மூன்றாவது மட்டும் முடிவில் கொக்கியாய் வளையும்.
இந்த ஊரில் அப்படிக் கீறும் கை ஒன்றே ஒன்று.
நான் ராதிமைப் பார்த்தேன்.
அவன் கூடையைப் பார்த்தான்.
ஸ்தெங்கா ஒரு துண்டைக் காதருகே வைத்து அழுத்தினாள்.
சத்தமே இல்லை.
சனிக்கிழமை, என்றாள்.

சாப்பாடு தவணைமுறையில் வந்தது.
லூத்மிலாவின் சூப், ஆறிப்போய்.
அவள் குடித்து முடித்தபின் ராதிமின் மாட்டிறைச்சி.
எனக்கு வந்தது நான் கேட்காத மீன்;
திருப்பிக் கொடுத்தால் விடிந்துவிடும் என்று தின்றேன்.
போஹுமிலின் வாத்து வரவில்லை.
வந்துகொண்டிருக்கிறது, என்றான் பையன்.
நடந்தா, என்றாள் லூத்மிலா.
சிரித்தோம், அந்த இரவில் ஒரே ஒரு முறை.
போஹுமில் தன் துடைப்புத்துணியை
மடித்தார், கால்வட்டம் திருப்பினார், மறுபடி மடித்தார்.
சும்மா இருக்கத் தெரியாத கைகள்.

பில்லில் வாத்து இருந்தது.
ரொட்டியும் இருந்தது: நூற்றிருபது கொரூனா.
முழு ரொட்டியை நாங்கள் ஐம்பத்தெட்டுக்கு விற்கிறோம்.
லூத்மிலா எழுந்தாள். முதலாளி வந்தார்.
வாத்தை அடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று,
காகிதத்திலிருந்து.
ரொட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
ஒஸ்தாப் மட்டும் தட்டில் இருபது கொரூனா வைத்தான்.
முறைத்தோம்.
ஒரு வருடம் தட்டு தூக்கியிருக்கிறேன், என்றான்
தரையைப் பார்த்து.

டிராம் நிறுத்தத்தில் காற்று.
மணி பதினொன்று, எங்களுக்கு அது காலை;
ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை.
போஹுமில் டையைக் கழற்றிப் பையில் திணித்தார்.
அதே பையிலிருந்து, துடைப்புத்துணியில் சுற்றிய
ரொட்டியின் நுனியை எடுத்தார்.
காசு கொடுத்ததுதானே, என்றார்.

நின்றபடியே மென்றார், வெகுநேரம்,
ஊரான் சுட்டதை ருசி பார்க்கிறவர் மாதிரி.
உப்பு கொஞ்சம் குறைச்சல்.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.
உப்பு நிறுப்பவள் நான்.
உப்பிட்டவளை அங்கே ஒருவரும் நினைக்கவில்லை.
டிராம் வருகிறதா என்று
எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.