பாதைக்கு மேலே பதினொரு வரிசை

டெவெச்செர் நீதிமன்றத்தில் மலையைப் பிரித்தார்கள்.
வண்டிப்பாதைக்குக் கீழே உனக்கு, கெல்லேர்த்,
மேலே எனக்கு.
கீழ்மண் கொழுத்தது, தெரியும்தானே
என்று எழுத்தர் கேட்டார்.
தெரியும்.
கீழே பழங்கடல் விட்டுப்போன களி,
மண்வெட்டி முழுசாய் இறங்கும்.
மேலே எரிமலை துப்பிய கருங்கல்.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்,
பல் கூசும்.

இரண்டிலும் ஒரே கொடி.
ஆட்டுவால் என்று பெயர், குலை அப்படித்தான் தொங்கும்,
நுனியில் கொஞ்சம் வளைந்து.
ஒரே மார்ச் மாதத்தில்
ஒரே வாளித் தண்ணீரில்
நட்டோம்.

முதல் வருடம் களைக்கொல்லியை நிறுத்தினேன்.
கொள்கை என்றார்கள் ஊரில்.
கொள்கையும் இல்லை ஒன்றும் இல்லை,
தெளிப்பான் உன் பங்கில் போயிருந்தது.

புல் வந்தது.
புல்லுக்குள் நான் அழைக்காத பூண்டுகள்,
பூண்டுகளுக்குப் பின்னால் வண்டுகள்.
மண்புழு மூன்றாம் வருடம்தான் வந்தது,
ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நீளம்.
அதைப் பார்த்து நின்றதில்
அடுப்பில் சூப் அடிப்பிடித்துப் போனது.

பிறகு அந்த ஜூலை.
மழை, மழை, இலையடியில் மாவு தூவியதுபோல் பூஞ்சை.
குதிரைவால் செடியைக் கொதிக்கவைத்தேன்,
துடைப்பத்தை முக்கி முக்கி உதறினேன்.
கீழே உன் டிராக்டர்
நீல மேகத்தை இழுத்துக்கொண்டு போய் வந்தது.
பொறாமையாக இருந்தது.
மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.
பாதிக் குலை உதிர்ந்தது எனக்கு.

வெஸ்ப்ரேம் ஆய்வகத்திலிருந்து ஒர்ஷோல்யா வந்தாள்.
கல்லுக்கு ருசி கிடையாது என்றாள்,
வேர் கல்லைக் குடிப்பதில்லை.
அப்படியானால் இந்த உப்பு?
பூட்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
பசி.
மேல்மண் ஒரு சாண்தான், கொடி பிளவு தேடி இறங்குகிறது.
பகலில் வாங்கிய சூட்டைக் கல்
இரவில் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பித் தருகிறது.
பழம் சிறிது, தோல் தடிப்பு.
மிச்சத்தைத் தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டேன்.

ஈஸ்ட் எதுவும் போடவில்லை.
ஏழாம் நாள் பீப்பாய் தானாக முணுமுணுத்தது,
நவம்பரில் வாயை மூடிக்கொண்டது,
ஏப்ரலில், கதவைத் திறந்துபோட்ட ஒரு மதியம்,
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஈஸ்டர் முடிந்து நீ வந்தாய்,
வேலிக்கணக்குப் பேச, கையில் உன் பாட்டிலோடு.
உன்னுடையது பேரிக்காய், அகேசியாப் பூ, உருண்டையான இனிமை.
நல்ல ஒயின், கெல்லேர்த்.
விருந்தாளி வந்தால் அதைத்தான் ஊற்றுவேன்.
என்னுடையது கலங்கல்.
முதலில் புகை, பிறகு உவர்ப்பு,
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை,
போய்விட்டது என்று நினைக்கும்போது
தொண்டையோரம் ஒரு வாதுமைக் கசப்பு.
வாய்க்குள் வந்தும் உட்காராமல்
நின்றுகொண்டே பேசுகிற சாதி.

எத்தனை பாட்டில் என்றாய்.
நானூற்றுப் பன்னிரண்டு.
வங்கிக்கு என்ன கொடுப்பாய் என்றாய்.
பதில் இல்லை, இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.
சோம்லோ மலை ஒயினை
மணநாள் இரவில் குடிக்கவேண்டும் என்பார்கள்.
நாமும் குடித்தோம்.
அதை இருவருமே சொல்லவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் என் மண்
பாதையைத் தாண்டி உன் பக்கம் இறங்கிவிடுகிறது.
தீர்ப்பில் அதற்கு வரி இல்லை.
அள்ளிக் கூடையில் மேலே ஏற்றுவேன்,
நீ டிராக்டர் நிழலில் நின்று பார்ப்பாய்.
இந்த மே மாதம், இரண்டாவது கூடை,
நீ ஒரு பக்கக் காதைப் பிடித்தாய்.
இவ்வளவு கனமா என்றாய்.

ஈரம் என்றேன்.