சால்மி சாலை, குவைத்

வெள்ளிக்கிழமை. இரவல் வாங்கிய சன்னி.
அறுபதாவது கிலோமீட்டர் வரை
செலஸ்டின் சொல்லிக்கொண்டே வந்தான்:
"கிழங்கிலிருந்து வருமாம். நீலமாம். மார்ச்சில் மட்டுமாம்."

காலை முழுக்கக் குனிந்து நடந்தோம்.
கிடைத்தவை ஆட்டுப் புழுக்கை, தோட்டா உறை,
யாரோ விட்டுப்போன கூடாரத்தின் ஆணி.

பாய் விரித்து எலுமிச்சைச் சோறு பிரித்தோம்.
கண்ணயர்ந்துவிட்டேன், நைட் டியூட்டிக் களைப்பு.

மணி இரண்டேகால் இருக்கும்.
"அசையாதீங்க" என்றாள் ரஷீதா.
வெறும் புல்லென்று மிதித்ததெல்லாம்
முறுக்கவிழ்ந்து
விரலுயர நீலம்.
மதியத்துக்கு மேல்தான் விழிக்குமாம்,
என்னைப் போல.

பாயின் ஓரத்தை மெல்லத் தூக்கினோம்.
அடியில் ஒன்று, நசுங்கி,
அப்படியும் பாதி திறந்திருந்தது.

வந்த டயர்த் தடத்திலேயே
அங்குலம் அங்குலமாக
வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.
ஏழு மணிக்கு டியூட்டி.