மூடும் பொத்தான்

யீஷூனில் இந்த புளோக்கின் இரண்டாவது மின்தூக்கியில்
மூடும் பொத்தானுக்குக் கம்பி கிடையாது.
அடிக்கடி சிக்குகிறதென்று நான்தான் கழற்றினேன்,
மாற்றுப் பொத்தான் வந்தபாடில்லை, மூன்று வருடம்.
கதவு தன் கணக்குக்கு எட்டு நொடி நிற்கும்
பிறகு மூடும்.

யாரிடமும் சொன்னதில்லை.
பன்னிரண்டாம் மாடி மிஸ்டர் கோ நான்கு முறை அழுத்துவார்,
நான்காவதில் கதவு நகரும்,
பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்ப்பார்.
பள்ளிக்கூடப் பையன் முழங்கையால்.
நஸ்ரினா அக்கா பிஸ்மில்லா சொல்லி ஒரே தடவை.
எட்டு நொடி எல்லோருக்கும் எட்டு நொடி.

மேலே இயந்திர அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்வேன்.
உலகமே இப்படித்தான் என்று
கோப்பிக் கடையில் நான் பேசாத நாளில்லை.
எல்லாம் முன்னமே போட்ட வயரிங்,
நம்ம கையில என்னப்பா இருக்கு.
போன தீபாவளிக்கு ஃபோர் டி-யில்
ஆறுதல் பரிசு விழுந்தது.
அது மட்டும் என் மூளை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
மாலை ஐந்து ஐம்பது.
பிரேக் தேய்மானம் அளக்கும் கேஜ் வேனில்,
வேன் கீழே, நான் மேலே, வெளியே மழை.
படிவத்தின் பதினாலாம் கட்டத்தில்
ஒரு டிக் போட்டேன்.

திங்கட்கிழமை பெட்டி
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது.
உள்ளே டயாலிசிஸுக்குக் கிளம்பிய மேடம் லிம்,
சக்கர நாற்காலியைப் பிடித்தபடி பணிப்பெண் சுலாஸ்த்ரி.
ஐம்பது நிமிடம்.
வெளியே எடுத்தபோது மேடத்தின் உதடு சாம்பல்.

பழைய மெஷின் சார், என்றேன் மேலாளரிடம்.
அவங்க நேரம், என்றேன் அன்புநிதியிடம்.
ஏழரை நடக்குது, என்றேன் போனில் மனைவியிடம்.
மூவரும் நம்பினார்கள்.
நானும் நம்பிவிட்டிருப்பேன்.

வியாழக்கிழமை கீழ்த்தளத்தில் சுலாஸ்த்ரி,
கையில் காய்கறிப் பை, கட்டைவிரலில் பிளாஸ்திரி.
மணியை அடித்துப் பார்த்தாளாம்.
பிறகு மூடும் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றாளாம்,
கதவு இறுக மூடினால் பெட்டி நகருமென்று.
விரல் வீங்கும்வரை.
நடுவில் ஒருமுறை கையை எடுத்துவிட்டேன் அண்ணே,
மேடத்துக்குத் தண்ணீர் கொடுக்க.
அதனால்தான் அவ்வளவு நேரமாச்சா?
மன்னிப்புக் கேட்கிற குரல்.

இல்லை, என்றேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது ஒரே வரி.
அவள் உள்ளே போய் என் பக்கம் திரும்பி நின்றாள்,
பொத்தானைத் தொடவில்லை,
நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.
எட்டு நொடி.

கதவு மூடியது.
வெளியே, என் விரலுக்குப் பக்கத்தில்
அழைப்புப் பொத்தான்.
அதற்குக் கம்பி உண்டு.