மெதுவேலை

சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில்.
இடுப்பெலும்பில் புதிதாய் ஓர் ஆணி.
தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய
தீப்பெட்டியளவு கருவி.
நான் நிற்கும் நேரத்தை எண்ணுகிறதாம்.

எண்ணட்டும்.
எண்ணப்பட்டே பிழைத்தவள்தான்.
ஜேக்கப்ஸில் சட்டைத் தொழிற்சாலை,
முப்பத்தோரு வருஷம், காலர் வரிசை.
மணிக்கு அறுபது. அறுபத்திரண்டு தைத்தால்
அடுத்த வாரம் அதுவே அளவு.
முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு
சூப்பர்வைசர். அவன் பெயரை மறக்க
நிறையவே முயன்றிருக்கிறேன்.

வலதுகால்தான் மிஷினை அழுத்தியது.
வலதுகால்தான் முறிந்தது,
மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது,
பையிலிருந்த வெண்டைக்காய் ஒன்றுகூடச் சிதறாமல்.

பத்து மணிக்கு நோக்வாண்டா வருகிறாள்,
நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு.
"நேற்று முழுநாளில்
பதினொரு நிமிடம் நின்றிருக்கிறீர்கள், மிஸஸ் படையாச்சி."
குறை சொல்லவில்லை. தாளைக் காட்டுகிறாள்:
நீளமாய்த் தட்டைக் கோடு,
நடுவில் நூல் சுருண்டதுபோல் ஒரு மேடு.

சட்டம். முறிந்த கால். நல்ல கால்.
வலியைக்கூடப் பொறுக்கலாம்,
தரை அங்கே இருக்குமா என்ற சந்தேகம்தான்.
நாலாவது அடியில் வியர்த்துவிட்டது.
அவள் கையிலும் ஸ்டாப்வாட்ச்.
பார்த்ததும் கழுத்து தானாகக் குனிந்தது
ஊசியைத் தேடி.

எண்பத்திரண்டிலோ மூன்றிலோ
கூலி உயர்வு கேட்டு மெதுவேலை செய்தோம்.
மணிக்கு இருபது காலர், மேலே ஒன்று கிடையாது.
பழகிய கையைப் பிடித்து வைப்பது
என்ன பாடு தெரியுமா!
இப்போது கொடியுமில்லை கோஷமுமில்லை,
இடுப்பு தானாகவே மெதுவேலையில் இறங்கிவிட்டது.
எந்த முதலாளியோடு பேசித் தீர்ப்பது?

பக்கத்துக் கட்டில் ருக்மணி மூட்லி
எழமாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள்,
ஒன்பதாம் நாள்.
அவள் தொடைக் கருவிக்குப் பிழைப்பே இல்லை.
ராத்திரியில் பெட்பேனுக்கு
மணி அடிப்பாள், அடிப்பாள்,
யாராவது வரும்வரை அழுவாள்.

அந்த மணியில்தான் விழித்தேன்.
எனக்கும் போகவேண்டியிருந்தது.
என் மணியைத் தொடவில்லை.
சட்டம். முறிந்த கால். நல்ல கால்.
கழிவறைக் கதவுக்குப் பதினேழு.
திரும்பிவர இருபத்தொன்று;
அவள் போர்வை நழுவியிருந்தது,
இழுத்துவிடப் போனதில் நாலு கூடிற்று.

காலையில் நோக்வாண்டா தாளை நீட்டினாள்.
மூன்றே முக்காலுக்கு ஒரு மலை.
"இது என்ன? விழுந்திருந்தால்?"

"ஓவர்டைம்" என்றேன்.
"ஒன்றரைக் கூலி போட்டுக்கொள்.
கதவுவரை மட்டும் பதினேழு அடி."

"பதினெட்டு" என்றாள் ருக்மணி,
சுவரைப் பார்த்தபடியே.