தரையிரக்கக் கட்டணம்

முகப்பில் தொங்கும் கட்டணப் பலகையில்
நான்கு மொழிகள்.
நான்காவதில் ஒரு பிழை.
வல்லின றகரம் நிற்கவேண்டிய இடத்தில்
இடையின ரகரம்:
தரையிரக்கக் கட்டணம்.
மூன்று ஆண்டுகளாக அதன் கீழே நடக்கிறேன்.
விமானம் வைத்திருப்பவர்கள் யாரும்
அந்த வரி வரைக்கும் வாசிப்பதில்லை.

சிலேத்தார் சிறியது.
சாங்கி மொத்த வியாபாரம் என்றால்
நாங்கள் மூலைக்கடை.
பயிற்சி விமானங்கள், பணக்காரர்களின் ஜெட்டுகள்,
பழுதுபார்க்க வந்து மாதக்கணக்கில்
வயிறு திறந்து கிடக்கும் இயந்திரங்கள்.
கணக்கு என் பொறுப்பு.
இத்தனை டன்னுக்கு இத்தனை வெள்ளி,
நிறுத்திவைத்தால் மணிக்கு இவ்வளவு.
பயிற்சி மாணவன் ஓடுபாதையைச் சக்கரத்தால் தொட்டுவிட்டுப்
பயந்து மறுபடி எழும்பினாலும்
அது ஒரு தொடுகை. அதற்கும் பில்.
கொக்கு மட்டும் இலவசமாக இறங்குகிறது.

கொக்கை விரட்டத்தான் செலவு.
ரொஸ்லானின் வண்டி, வெடிச்சத்தம் போடும் துப்பாக்கி,
ரொஸ்லானின் மிகைநேரம்.
புல் உயர்ந்தால் எலி வரும்,
எலிக்குப் பருந்து வரும்.
ஒட்ட வெட்டினால் மண்புழு தெரியும்,
மைனாக்கள் கூட்டமாய் வந்து அமரும்.
நடுவில் ஓர் உயரம் இருக்கிறது.
அதை விடாமல் பிடித்துவைக்க
ஆண்டுக்கு என்ன ஆகும் என்று
மேலிடத்துக்கு நான் விளக்கவேண்டும்.
"புல்லுக்கா இவ்வளவு?"
ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்கிறார்கள்,
ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாகக் கேட்பதைப்போல.

நவம்பரில் ஓர் இரவு. நல்ல மழை.
மூடும் நேரம் தாண்டி ஒரு கோரிக்கை,
கூச்சிங்கிலிருந்து நோயாளி விமானம்.
விளக்குகள் எரியட்டும் என்றார் போ கியாட்.
ஈரம் புகுந்து ஏழு விளக்குகள் செத்திருந்தன.
அறந்தாங்கிக்காரர் செல்லையா
தண்ணீரில் மண்டியிட்டு
ஐந்தை உயிர்ப்பித்தார்.
நாற்பத்தேழு நிமிடம்.
இறங்கியது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தியது.
யீஷூன் போகும் வழியிலேயே
முடிந்துபோனாராம்.
காலையில் ரொஸ்லான் சொன்னார்,
காப்பியைக் கலக்கிக்கொண்டே,
கலக்குவதை நிறுத்தாமல்.

என் மேசைக்கு வந்தது தாள்தான்.
நேர நீட்டிப்பு. விளக்கு.
கோபுரத்தில் இருவர், தீயணைப்பில் அறுவர்.
எடை ஒன்பது டன்.
அந்த ஒன்பதில் அவர் எவ்வளவு?
தள்ளுபடிக்கு விதி உண்டா என்று தேடினேன்.
பயிற்சிப் பள்ளி மொத்தமாக எடுத்தால் உண்டு.
திரும்பிப்போன விமானத்துக்குப் பாதி உண்டு.
இதற்கு இல்லை.
அனுப்பினேன்.

முப்பதாம் நாள் பணம் வந்தது,
ஒரு காசு குறையாமல்,
ஒரு சொல் கூடாமல்.
அது போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்துதான்
புல்வெட்டிக்குப் புதிய பற்கள் வாங்கினோம்.
நன்றாக வெட்டுகின்றன.

இந்த மார்ச்சில் வெட்ட வரிகள் தேடுகிறார்கள்.
ஐம்பத்து மூன்றாம் வரி
போன ஆண்டு நானே எழுதிக் கேட்டது:
பலகை மாற்றம், தமிழ், ஓர் எழுத்து,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி.
ஓர் எழுத்துக்கா என்று போ கியாட் கேட்கவில்லை.
அவர் நல்லவர்.
"இப்போது இருப்பதற்கு என்ன அர்த்தம் வரும், மங்கை?"
என்றுதான் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பயிற்சி விமானம்
சாய்ந்து, நிமிர்ந்து, தரையைத் தொட்டு,
மனம் மாறி எழும்பியது.
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கிறது,
அடுத்த ஆண்டு பார்க்கலாம்
என்று சொல்லி
ஐம்பத்து மூன்றை அடித்தேன்.